மறு: ‘நிகழாக்காட்சி’ – ஒரு மாற்றுப் பரிந்துரை

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கும் கலைச்சொல் குழும அன்பர்களுக்கும் வணக்கம்.

திரையில் நடந்து முடிந்ததாகவே காட்டப்பட்டு, பிறகு ‘அது நடக்கவேயில்லை’ என்று திரும்பப் பெற்றுக்கொள்ளப்படும் காட்சிக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அண்ணாச்சி ‘நிகழாக்காட்சி’ என்றார்கள். சென்னை அன்பர் ஒருவர் ‘பொய்க்காட்சி’ என்றார். இரண்டையும் தயக்கத்தோடு மறுத்து, மூன்றாவதாக ஒரு சொல்லை முன்வைக்கவே இம்மடல்.

நான் எந்தப் படத்தை மனத்தில் வைத்துக் கேட்டேன் என்று அறிந்ததும் சிலர் சிரித்ததாகத் தெரிகிறது. சிரிப்பதற்கு இடமுண்டு. இரத்தம் குடித்து வாழும் வேம்பயர்களைப் பற்றிய ட்விலைட் வரிசையின் ஐந்தாவதும் கடைசியுமான படம், 2012 நவம்பரில் வெளிவந்த ‘பிரேக்கிங் டான்’ இரண்டாம் பாகம், அவ்வாண்டின் மிக மோசமான படத்துக்கான கோல்டன் ராஸ்பெரி விருதைப் பெற்றது. கணினியில் சமைத்த, நாயகி பெல்லாவின் கைக்குழந்தையின் முகத்தை இன்றும் என்னால் நேரே பார்க்க முடியவில்லை. படத்தின் பெரும்பகுதி, அக்குழந்தைக்காக ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சாட்சிக்கு ஆள் சேர்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. ஆனால் பனிவெளியில் நடக்கும் அந்தப் போருக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்பது என் கட்சி. அந்தப் போருக்குத்தான் பெயரில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்லா, எட்வர்ட் இணையரின் குழந்தையைக் கொல்ல, இத்தாலியிலிருந்து வோல்டூரி என்னும் ஆளும் குலத்தார் படையோடு வந்து நிற்கிறார்கள். எட்வர்டின் தங்கை ஆலிஸுக்கு வருவதைக் காணும் ஆற்றல் உண்டு. அவள் காண்பது விதியன்று. ஒருவர் எடுத்த முடிவின் விளைவையே அவள் காண்கிறாள், முடிவு மாறினால் காட்சியும் மாறிவிடும். வோல்டூரித் தலைவன் ஆரோவுக்கோ, ஒருவரின் கையைத் தொட்டால் அவர் நெஞ்சில் ஓடிய அத்தனையும் தெரியும். ஆலிஸ் கையை நீட்டுகிறாள், ஆரோ பற்றுகிறான். அடுத்து, எதைக் கண்டாலும் நீ மனம் மாறப்போவதில்லை என்று அவள் சொல்ல, போர் மூண்டுவிடுகிறது. எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைலின் தலை விழுகிறது. ஆலிஸின் துணைவன் ஜாஸ்பர் விழுகிறான். துணைக்கு நின்ற ஓநாய்கள் சாகின்றன, நிலம் பிளக்கிறது, கடைசியில் ஆரோவின் தலையும் போகிறது. அப்போது காட்சி வெட்டு: பற்றிய கை பற்றியபடியே இருக்கிறது. அத்தனையும் அந்தப் பிடிக்குள் அவன் கண்டது. கண்டவன் படையைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

பாளையங்கோட்டை விடுதியில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து இதைப் பார்த்தோம். கார்லைலின் தலை விழுந்ததும், ஆழ்வார்குறிச்சிக்காரி ஒருத்தி மிக்சர் அள்ளிய கையோடு எழுந்து கணினியைப் பட்டென்று மூடிவிட்டாள். அவள் 2008-இல் வந்த நாவலை நான்கு முறை படித்தவள். நாவலில் இப்படி ஒரு போரே கிடையாது. கால்மணி நேரம் சண்டை போட்டு, விசைப்பலகையில் ஒட்டியிருந்த ஓமப்பொடியைத் தட்டிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தோம். கை பற்றிய இடம் திரும்ப வந்ததும் அவள் சொன்னது: “ஏமாத்திட்டானுவ ட்டி!” சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ‘பொய்க்காட்சி’ என்ற சொல்லில் இடமில்லை. அச்சொல் இயக்குநர் பில் காண்டன்மேல் ஒரு குற்றச்சாட்டாகவே நின்றுவிடுகிறது. மேலும், ஆலிஸ் காட்டியது பொய்யே அன்று. ஆரோ தன் முடிவில் நின்றிருந்தால் அத்தனையும் நடந்திருக்கும்.

இனி, அண்ணாச்சி எழுதியது:

> நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டுவது எல்லாம் ஓரினமே. நிகழாக்காட்சி என்பது எளிது, இலக்கணத்துக்கும் உகந்தது. கனவுக்காட்சியையும் அதில் அடக்கிவிடலாம்.

எளிமையை ஒப்புக்கொள்கிறேன், ஈறு கெட்டு வல்லினம் மிகுந்து வந்திருக்கும் அழகையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி, கனவையும் சேர்த்து அடக்கிவிடலாம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. நம் படங்களில் நாயகன் கண்ணை மூடியதும் சுவிட்சர்லாந்துப் பனியில் பாட்டு வருகிறது. நடப்பது கனவென்று கடைசி வரிசையில் கடலை கொறிப்பவருக்கும் தெரியும். அதில் யாரும் ஏமாறுவதில்லை. கெட்ட கனவு கண்டு வியர்த்து எழுகிற காட்சியில் ஏமாறுகிறோம்; ஆனால் கனவு கண்டதனால் கதையில் எதுவும் தடுக்கப்படவில்லை. பனிவெளிப் போரோ வேறு சாதி. அது காட்டப்பட்டதே அது நடக்காமற்போனதற்குக் காரணம். இந்தக் காரணத்தொடர்பு ‘நிகழா’ என்பதில் இல்லை. இதே குறையால்தான் ‘முன்னோக்கு’ (flash-forward) என்பதும் உதவாது. முன்னோக்கில் கண்டது பின்னால் நடந்தே தீரவேண்டும். ‘நிமித்தக்காட்சி’ என்று ஒருகணம் நினைத்தேன். போருக்கு முன் உன்னமரத்தைப் பார்த்து, தழைத்தால் வெற்றி, கரிந்தால் தோல்வி என்று கொண்ட மரபு நமக்கு உண்டல்லவா? ஆனால் மரம் முடிவை மட்டுமே சொல்லும். யார் தலை எங்கே விழும் என்று காட்டாது.

எனக்குச் சொல் கிடைத்தது எங்கள் ஆச்சியிடமிருந்து. அம்பாசமுத்திரத்துக்கு அருகே எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடை விழாவில், ஒரு வருடம், சாமியாடி என் அத்தானைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசி, அடுத்த கொடை வரைக்கும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று குறி சொன்னார். தாமிரபரணியில் நாளுக்கு இருமுறை குளித்துக்கொண்டிருந்த ஆள் வருடம் முழுக்கக் கிணற்றடியில் வாளியோடு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. மறுகொடையன்று, வில்லுப்பாட்டு தொடங்கும் முன், குறி பொய்த்துவிட்டதே என்று நான் ஆச்சியைச் சீண்டினேன். ஆச்சி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “ஒண்ணும் நடக்கலைல்லா? அப்பம் குறி பலிச்சிட்டுன்னுதான அர்த்தம்” என்றாள். ஆலிஸின் ஆற்றலை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

முதலில் ‘குறிக்காட்சி’ என்றுதான் எழுதி வைத்தேன். குறியீடு, குறிப்பு, இலக்கு என்று ‘குறி’ ஏற்கெனவே நாலு வீட்டுக்கு வேலை செய்கிறது என்பதால் அதை விட்டேன். விடலைப் பையன்களின் சிரிப்பும் ஒரு காரணம். குறி என்ன செய்ததோ அதையே சொல்லாக்கினால் என்ன என்று தோன்றியது. வருவதை அது தவிர்த்தது. ஆகவே என் பரிந்துரை: தவிர்காட்சி.

இது வினைத்தொகை; ஆகையால் ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. மூன்று காலமும் கரந்து நிற்பது வினைத்தொகையின் இயல்பு. பார்வையாளருக்கு நிகழ்காலமாகவும், ஆலிஸுக்கு எதிர்காலமாகவும், ஆரோ கையை விட்டபின் காலமே இல்லாததாகவும் ஆகிவிடுகிற ஒரு காட்சிக்கு, காலத்தை வெளியே காட்டாத சொல்லைவிடப் பொருத்தமானது வேறென்ன? தவிர்ந்த காட்சி என்று தன்வினையாக விரித்தாலும், தவிர்த்த காட்சி என்று பிறவினையாக விரித்தாலும் பொருள் கெடுவதில்லை.

இதில் ஒரு குறை உண்டு. படத்தொகுப்பில் வெட்டி எறிந்த காட்சி என்றோ, குழந்தைகள் பார்க்கக் கூடாத காட்சி என்றோ ஒருவர் மயங்கலாம். வெட்டி எறிந்ததற்கு ‘நீக்கிய காட்சி’ என்பது பத்திரிகைகளில் வழங்குவதால் முதல் மயக்கம் நாளடைவில் தீரும் என்று நம்புகிறேன். இரண்டாவதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

பொருள் வரையறையை இப்படி வைக்கலாம்: கதைக்குள் உள்ள ஒருவர் முன்கூட்டியே காண்பதும், பார்வையாளருக்கு அவ்வாறு அறிவிக்கப்படாமல் நடப்பாகவே காட்டப்படுவதும், கண்டவர் தம் முடிவை மாற்றிக்கொள்வதால் கதையில் நடவாமற்போவதும் ஆகிய காட்சி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது தவிர்காட்சி ஆகாது. அதற்கு அண்ணாச்சியின் ‘நிகழாக்காட்சி’யைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம்.

போகிற போக்கில் ஒன்று. வேம்பயருக்கு ‘இரத்தக் காட்டேரி’ என்று எழுதுவதை நம் பட்டியலில் மறுபரிசீலனை செய்யவேண்டும். காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீடுகள் இன்றும் உள்ளன. வெயிலில் வைரம்போல் மின்னும் இந்தப் படத்தின் வெள்ளைக்காரப் பிள்ளைகளை அவள் வரிசையில் நிறுத்துவது இருதரப்புக்கும் பொருந்தவில்லை. ‘குருதியுண்ணி’ என்றால் மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிதான் நினைவுக்கு வருகிறது. இதைத் தனி இழையில் பேசலாம்.

தவிர்காட்சி முடிந்து, பற்றிய கைக்குத் திரும்புகிற அந்த ஒரு வெட்டுக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. ‘மீள்வெட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். அறுவடைக்காரர்கள் மறுதாம்பு வெட்டுவதுபோல் ஒலிக்கிறது. அண்ணாச்சி கையில் வேறு சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.