வெளிச்சம் பட்டுக் கெட்ட பீருக்கு ஒரு சொல் வேணும் (வியாழனுக்குள்ள)

எல்லாருக்கும் வணக்கம். கிராஃப்ட் பீர் பரிமாறுறவங்களுக்கான பயிற்சிக் கையேடு ஒண்ணைத் தமிழாக்கிட்டு இருக்கேன், வியாழக்கிழமை கொடுத்தாகணும். நுரை, பீப்பாய், குழாய் கழுவுறது எல்லாம் ஓடிடுச்சு, 'லைட்ஸ்ட்ரக்'லதான் வந்து நிக்கிறேன். அதாவது, ஹாப்ஸ்ல (பீருக்குக் கசப்பும் மணமும் தர்ற பூ) இருந்து வர்ற கசப்புப் பொருள் வெளிச்சத்துல உடையுது, பீர்லயே இருக்கிற ரைபோஃபிளேவின்ங்கிற வைட்டமின்தான் அந்த ஒளியை வாங்கிக் கொடுக்குது, உடைஞ்ச துண்டு கந்தகத்தோட சேர்ந்து தயால்ங்கிற நாத்தமடிக்கிற கந்தகப் பொருள் ஆகிடுது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும். இப்போதைக்கு 'ஒளிக்கேடு'ன்னு போட்டு வச்சிருக்கேன், சரியா?

மறுமொழி:

ஒளிக்கேடு வேண்டாம் தம்பி. சீர்கேடுன்னா சீர் கெட்டது, மதிகேடுன்னா மதி கெட்டது, அந்த வரிசையில ஒளிக்கேடுன்னா ஒளி கெட்டதுன்னுதான் படிக்கிறவங்க எடுத்துப்பாங்க. கெட்டது பீர், ஒளி இல்லையே. 'ஒளிமுடை'ன்னு வைங்க, முடைநாற்றத்துல இருக்கிற முடை. இன்னொண்ணு, பீர்ங்கிறதையே ஏன் அப்படியே விடணும்? பெரும்பாணாற்றுப்படையில 'இல்லடு கள் இன் தோப்பி'ன்னு வருது, தோப்பி அரிசியில காய்ச்சினது, இது வாற்கோதுமை, அப்போ வாற்கோதுமைத் தோப்பி. சேமிப்புக்கும் சொல் இருக்கு. புறநானூறு 120ல கபிலர் 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்'னு நிலத்துல புதைச்சு முதிர்ந்த கள்ளைப் பாடுறார், மண்ணுக்குள்ள புதைச்சா வெளிச்சமும் இல்லை சூடும் இல்லை, அதனால பாதாள அறையில வைக்கிறதுக்குப் 'புதைவு'.

மறுமொழி:

அய்யா, வலி மிகுந்து ஒளி'க்'கேடுன்னு வர்றப்பவே ஒளியால் ஆன கேடு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைன்னு எடுத்துக்கலாம், சீர்கேட்டுல அந்த 'க்' இல்லையே. இலக்கணப்படி தப்பில்லை. ஆனா எனக்கும் அது பிடிக்கலை, காரணம் வேற. நம்ம மொழியில ஒவ்வொண்ணும் கெடுறதுக்குத் தனித்தனிச் சொல் இருக்கு, சோறு ஊசிப்போகும், பால் திரிஞ்சுபோகும், எண்ணெய் காறும். மூணையும் 'கெட்டுப்போச்சு'ன்னு யாரும் நிறுத்திக்கிறதில்லை. 'கேடு'ன்னு பொதுவா வச்சா பரிமாறுற பையன் சூட்டுல கெட்டுதுன்னு நினைச்சு ஃப்ரிட்ஜுல வச்சா போதும்னு விட்டுடுவான். கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுக்குள்ள டியூப்லைட் பக்கத்துல நிக்கிற பச்சை பாட்டிலுக்கும் இதேதான் நடக்கும். சூட்டுல பழசானா வர்றது நனைஞ்ச அட்டை வாடை, அது வேற கதை. குளிர்ந்து, சூடாகி, திரும்பக் குளிர்ந்தா இந்த நாத்தம் வரும்னு சொல்றாங்களே, அதுவும் தப்பு, வெளிச்சம் இல்லாம இது வரவே வராது.

போன வாரம் ஒரே பாட்டில்ல இருந்து ரெண்டு கிளாஸ் ஊத்தினேன், ஒண்ணை அலமாரிக்குள்ள வச்சேன், ஒண்ணை ஜன்னல் வெயில்ல வச்சேன். பத்தே நிமிஷம். நிறத்துல துளி வித்தியாசம் இல்லை, நுரை மட்டும் ரெண்டுலயும் ஓரத்துல ஒரு வளையமா இறங்கியிருந்துச்சு. மூக்குக்கிட்ட கொண்டுபோனா வெயில் கிளாஸ்ல கருகின ரப்பர் மாதிரி குப்புன்னு அடிச்சுது, அலமாரி கிளாஸ்ல ஹாப்ஸ் மணம் அப்படியே இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாதது மூக்குக்குத்தான் தெரியுது, அதனால சொல்லுல வெளிச்சமும் வேணும் வாடையும் வேணும். 'வெளிச்ச வாடை'ன்னு வச்சுக்கலாமே.

'புதைவு' வேண்டவே வேண்டாம். ஹாப்ஸ் தூக்கலா இருக்கிற பீரைச் சீக்கிரம் குடிக்கணும், புதைச்சு வச்சா மணம்தான் போகும், பழுக்கிறது கனமான சில வகை மட்டும்தான். 'குளிர் இருட்டுல நிமிர்த்தி வைக்கவும்'னு எழுதினா அதுல எல்லாமே வந்துடுதே.

மறுமொழி:

வாடைன்னா வடக்கேருந்து வர்ற குளிர்காத்து, நெடுநல்வாடைன்னு தலைப்பே இருக்கு. நாத்தத்துக்கு வாடைங்கிறது பேச்சு வழக்கு, கலைச்சொல்லுக்கு ஆகாது. முடைதான்.

மறுமொழி:

முடைன்னா இன்னைக்குப் பணமுடைதான் ஞாபகம் வருது அய்யா. இந்த நாத்தத்தை இங்கிலீஷ்ல ஸ்கங்க்ங்கிற நாத்தமடிக்கிற விலங்கோட பேரை வச்சுச் சொல்றாங்க, அதுக்கு 'மரநாய் வாடை'ன்னு எழுதலாமான்னு நானும் யோசிச்சேன், ஆனா ஸ்கங்க் அமெரிக்க விலங்கு, மரநாய் புனுகுப்பூனைக் குடும்பம், புனுகு நமக்கு வாசனைப் பொருள், அர்த்தமே தலைகீழா போயிடும். என் ஓட்டு வெளிச்ச வாடைக்கு.

மறுமொழி:

எல்லாருக்கும் நன்றி, நான் எண்ணிப் பார்த்தேன், வெளிச்ச வாடைக்கு அஞ்சு பேர், ஒளிமுடைக்கு ரெண்டு பேர். கையேட்டுல 'வெளிச்ச வாடை'ன்னே போடுறேன், பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சையும் நிறமில்லாததும் தடுக்காது, கேன்ல இந்தக் கவலையே இல்லைங்கிற வரியையும் அதுக்குக் கீழயே சேர்த்துட்டேன். பீர் பீராவே இருக்கட்டும்.

மறுமொழி:

போடுங்க தம்பி, வேலை நடக்கணும். ஆனா அடுத்த பதிப்பு வர்றப்ப சொல்லுங்க, தோப்பியை நான் விடுறதா இல்லை.