12 கிமீ மலை ஓட்டம், 700 மீட்டர் ஏற்றம்: சென்னையில் இருந்தபடி எப்படித் தயாராவது?

வேளச்சேரி ஓட்டம்:

வணக்கம். டிசம்பரில் கோத்தகிரி பக்கம் ஒரு ட்ரெயில் (மலைப் பாதை) ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். 12 கிமீ, மொத்த ஏற்றம் 700 மீட்டர், கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம், இரண்டரை மணி. பாதி தூரம் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும், மீதி ஒற்றையடிப் பாதை, கல்லும் வேரும் நிறைய, ஓரிடத்தில் கயிறு பிடித்துத்தான் இறங்கணும் என்று போன வருஷம் ஓடிய ஒருவர் சொன்னார். ரோட்டில் சில வருஷமாக ஓடுகிறேன், அரை மாரத்தான் (21.1 கிமீ) 2 மணி 5 நிமிஷத்தில் முடிப்பேன். எங்கள் குழுவில் எல்லோரும் "12 கிமீதானே, என்ன பயம்" என்கிறார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. இங்கே எனக்குக் கிடைக்கிற ஒரே மேடு மேம்பாலம். கட்-ஆஃபுக்குள் முடிக்க முடியுமா, இன்னும் இருக்கிற பத்து வாரத்தில் எதைப் பழகணும், ரோடு ஷூவே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை மேட்டுப்பாதை:

பயப்படாதீங்க, ஆனா உங்க சந்தேகம் நியாயமானதுங்க. இதை 12 கிமீ ஓட்டம் என்று நினைக்கவே கூடாது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் நடப்பவர்களுக்காக ஒரு விதி சொன்னார்: 3 மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அது போக 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதைப் பிரித்துப் பார்த்தால் 1 மீட்டர் ஏறுவது சமதளத்தில் சுமார் 8 மீட்டர் போவதற்குச் சமம். ஓடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு 700 மீட்டர் ஏற்றம், அது 5.6 கிமீ. ஆக மொத்தம் 17.6 கிமீ. உங்க அரை மாரத்தான் வேகத்தில் போட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம் வருது. கல், வேர், கயிறு, ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரைத் தாண்ட முடியாமல் நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்து 2 மணியிலிருந்து 2:15-க்குள் முடிப்பீங்க. கட்-ஆஃப் பிரச்சினை இல்லை, ஆனா ரொம்ப தாராளமும் இல்லை.

ஏற்றத்தில் ஒரே ஒரு விஷயம்: செங்குத்தாக வந்ததும் நடந்துடுங்க. முதலிடம் பிடிக்கிறவங்களே அங்கே நடக்கிறாங்க. இரண்டு கையையும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடையில் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் அழுத்தித் தள்ளிக்கொண்டே போகணும். ஓடி ஏறுகிறவருக்கும் உங்களுக்கும் நூறு மீட்டரில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனா அவர் உச்சியில் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது நீங்க ஓட ஆரம்பிச்சிருப்பீங்க. கடிகாரத்தில் கிமீ வேகத்தைப் பார்க்காதீங்க, அது மலையில் ஒன்றுக்கும் உதவாது. மூச்சைப் பாருங்க. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனால் வேகம் அதிகம். கோத்தகிரி 1800 மீட்டர் உயரம், கடற்கரையிலிருந்து வருகிறவருக்கு முதல் கிலோமீட்டரிலேயே அது தெரியும். முந்தின நாளே போய்த் தங்குங்க.

படிக்கட்டு:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஏற்றம் உங்களை வீழ்த்தாது. இறக்கம்தான் வீழ்த்தும். ரோட்டிலிருந்து வருகிற பலர் கவனிக்காத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டும். நார்கள் அடி வாங்குவது அப்போதுதான். வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும், மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவீர்கள். ஓட்டத்தின் நடுவிலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டால் கால் வைக்கிற இடம் உங்கள் பேச்சைக் கேட்காது, பெரும்பாலும் விழுவது அப்போதுதான். நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு முறை இப்படி அடி வாங்கித் தேறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைத் தாங்கும். எனவே இறக்கத்தைத் தனியாகப் பழகுங்கள்.

சென்னையில் எங்கே என்றால், முதலில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லது அலுவலகத்தின் படிக்கட்டு. எல்லோரும் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள், நீங்கள் இரண்டையும் காலால் செய்யுங்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். கோயில் படிகளை விட்டுவிடுங்கள், அங்கே ஷூவோடு ஓடுவது முறையில்லை. மாதம் ஒரு முறை செஞ்சிக் கோட்டைக்குப் போய் வாருங்கள். அங்கே ராஜகிரி என்ற குன்று தரையிலிருந்து சுமார் 800 அடி, ஏறக்குறைய 240 மீட்டர், முழுக்கக் கல் படி, அதுவும் ஒரே அளவில் இல்லாத படி. மூன்று தடவை ஏறி இறங்கினால் உங்கள் ஓட்டத்தின் மொத்த ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்ட அங்கேயே வந்துவிடுகிறது. கோட்டை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். கடைசிப் பெரிய இறக்கப் பயிற்சி ஓட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

இறங்கும்போது பின்னால் சாயத் தோன்றும். சாய்ந்தால் குதிகால் முதலில் படும், வழுக்கும். அடியைச் சின்னதாக்குங்கள், வேகமாக எடுத்து வையுங்கள், கையை இரண்டு பக்கமும் விரித்து விடுங்கள், பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நாலு மீட்டர் முன்னால் இருக்கட்டும். கயிறு இருக்கிற இடத்தில் திரும்பி, முகம் மலைப் பக்கம் இருக்கும்படி இறங்குங்கள், அவசரமே வேண்டாம்.

ஷூ பற்றி: ரோடு ஷூ போதாது. அடியில் 4 அல்லது 5 மிமீ பல் உள்ள ட்ரெயில் ஷூ வாங்குங்கள். கால் நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். அப்புறம், ஷூவின் மேல் ஓரத்தில் கணுக்காலை ஒட்டிக் கடைசியாக ஓர் ஓட்டை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வெளியிலிருந்து அந்த ஓட்டைக்குள் அதே பக்கத்தில் விட்டுச் சின்ன வளையம் வையுங்கள், இரண்டு பக்கமும். வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்ப்பக்கமாக இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் ஒட்டி நிற்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடிக்காது.

தேயிலை மேடு:

நான் கோத்தகிரிதான். டிசம்பர் என்றால் இங்கே வடகிழக்குப் பருவமழை முழுசாக விட்டிருக்காது. செம்மண் நனைந்தால் சோப்பு மாதிரி. தோட்டத்துக்குள் ஓடும்போது இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, கவாத்து வெட்டிய செடி. வெட்டின குச்சி முனை கூர்மையாக முழங்கால் உயரத்தில் நிற்கும், வழுக்கினால் அதைப் பிடிக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொள்வார்கள். இன்னொன்று, சரிவுக்குக் குறுக்கே மழைத் தண்ணிக்கு வெட்டி வைத்த கால்வாய். செடிக்குள் மறைந்திருக்கும், முன்னால் போகிறவர் திடீரென்று தாண்டினால் நீங்களும் தாண்டுங்கள்.

காட்டெருமை இங்கே தினமும் தோட்டத்துக்குள் நிற்கும். ஓட்டம் என்று பார்த்து அதன் பக்கத்தில் ஓடிக் கடக்க வேண்டாம், நில்லுங்கள், அது நகரட்டும், நேரம் போனால் போகட்டும். விடியற்காலையில் கரடியும் உண்டு. அதனால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள், தயவுசெய்து. கொழுந்து பறிக்கிறவர்கள் எதிரே வந்தால் பாதை அவர்களுடையது, நீங்கள் ஒதுங்குங்கள். ஓடும்போது சாப்பிடுகிற சத்து ஜெல்லின் கவரைப் பாக்கெட்டில் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பொறுக்குகிறது எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

முன்கூட்டியே வந்து பாதையைப் பழகலாம் என்று சிலர் காட்டுக்குள் நுழைகிறார்கள். அது கூடாது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை பேர் உயிர் போன பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2024-இல் 40 பாதையோடு தொடங்கிய அரசின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பணம் கட்டி வழிகாட்டியோடு போகலாம்.

வடக்குக் குளிர்:

நான் யாழ்ப்பாணம், இப்போது ஸ்கொட்லாந்தில் இருக்கிறேன், மலை ஓட்டம்தான் என்ர வார இறுதி. இங்கே இந்த ஓட்டங்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீற்றருக்குச் சராசரி 50 மீற்றராவது ஏற்றம் இருந்து, தார் ரோட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாவிட்டால் அது A வகை, இருக்கிறதிலேயே கடினமானது. உங்கட ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கோ, கிலோமீற்றருக்கு 58 வருகிறது. தூரத்தைப் பார்த்து லேசாக எடுக்கவேண்டாம் என்று சொல்ல இதுவே போதும். இங்கே இருக்கிற பென் நெவிஸ் மலை ஓட்டமும் 14 கிலோமீற்றர்தான், ஆனால் 1345 மீற்றர் உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஆண்களில் கென்னி ஸ்டூவர்ட் 1984-இல் ஓடிய 1 மணி 25 நிமிடம் 34 விநாடி பல பத்தாண்டுகளாக அசையாமல் நின்றது.

இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன். மழை, காற்று இரண்டையும் தாங்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்றும் ஒரு விசிலும் இடுப்புப் பையில் இருக்கட்டும், அமைப்பாளர் கேட்காவிட்டாலும். வியர்த்து நனைந்த உடம்போடு கணுக்கால் பிரண்டு பனிமூட்டத்துக்குள் அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் குளிர் எலும்புக்குள் போகும். மற்றது, பாதியில் நிறுத்தினால் யாரிடமும் சொல்லாமல் அறைக்குப் போய்விடக் கூடாது. முடிவிடத்தில் போய் உங்கட ஓட்ட இலக்கத்தைக் கட்டாயம் சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் தன்னார்வலர்கள் இருட்டில் மலையெல்லாம் உங்களைத் தேடுவார்கள்.

வேளச்சேரி ஓட்டம்:

எல்லோருக்கும் நன்றி. செஞ்சி யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அடுத்த ஞாயிறே போகிறேன். ஷூவும் இந்த வாரம் வாங்கிவிடுகிறேன், பழகுவதற்கு நேரம் வேண்டும் இல்லையா. ஒரே ஒரு கேள்வி: இரண்டு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணியும் சாப்பாடும் எவ்வளவு தூக்கணும்?

கோவை மேட்டுப்பாதை:

அரை லிட்டர் மென்மையான பாட்டில் ஒன்று, உப்பும் சர்க்கரையும் கலந்து. நடுவில் தண்ணி வைக்கும் இடத்தில் நிரப்பிக்கலாம். மூன்று மணி நேரம் முன்னால் இட்லியோ வாழைப்பழமோ, ஓட்டத்தில் ஒரு கடலைமிட்டாயோ பேரீச்சம்பழமோ. அதை ஏற்றத்தில் நடக்கும்போது தின்னுங்க, இறக்கத்தில் வாயில் எதையும் போடாதீங்க. செஞ்சியிலேயே இதே சாப்பாட்டைப் பழகிப் பாருங்க, புதுசா எதையும் அன்றைக்குத் தொடாதீங்க.