பாராசூட் திரிக்கு மின்சாரம் போகும் கணத்தில் ரீசெட்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாணவர் குழுவின் ராக்கெட்டுக்குப் பறப்புக் கணினிப் பலகை வடிவமைத்து வருகிறோம். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர், உயரம் அறிய பிஎம்பி388 காற்றழுத்த உணரி, பதிவுக்கு எஸ்டி கார்டு, 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி.

தரைச் சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பாராசூட்டை வெளித்தள்ளும் மின்திரிக்கு (மின்சாரத்தால் பற்றிக்கொள்ளும் திரி) மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக மின்சாரம் போகும் கணத்தில் மட்டும் பலகை ரீசெட் ஆகிவிடுகிறது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் கணினிக்கு மின்சாரம் தரும் 3.3 வோல்ட் இணைப்பு 1.5 வோல்ட்டுக்கும் கீழே சரிந்து மீள்கிறது. திரியின் மின்தடை ஓரிரண்டு ஓம்தான். பேட்டரியிலிருந்து பல ஆம்பியரை இழுத்துவிடுகிறது.

இது வானில் நடந்தால் ஆபத்து. உச்சியில் முதல் பாராசூட்டின் திரிக்கு மின்சாரம் போனதும் ரீசெட் ஆகி மறுபடி விழித்தெழும் நிரல், ராக்கெட் இன்னும் ஏவுதளத்தில் நிற்பதாகவே கணக்கிடும். தாழ்வான உயரத்தில் திறக்க வேண்டிய பெரிய பாராசூட் திறக்கவே திறக்காது. கீழே ஆட்கள் நிற்பார்கள். இதைச் சரிசெய்யாமல் ஏவச் சம்மதிக்க மாட்டேன்.

கணினிக்குத் தனி பேட்டரி வைப்பதா? மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் ஷாட்கி டயோடும், அதன் பின்னே மின்சாரத்தைத் தேக்கிவைத்துத் தரும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதுமா? முதல் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் குழாய்க்குள் இடம் மிகக் குறைவு.

வாகனக் கண்காணிப்புக் கருவி செய்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்: இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வண்டி பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தம் சரிவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சர்க்யூட் படம் இருந்தால் பேருதவியாக இருக்கும்.