வயிற்று வலிக்கு வெந்நீர்ப் பையா, ஐஸ் பேக்கா? உங்கள் அனுபவம் என்ன?

கம்பளிப்புழு:
கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு அந்த முறுக்கு வலியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ராத்திரியானால் வெந்நீர்ப் பை இல்லாமல் எனக்குப் படுக்கை கிடையாது. சமீபத்தில் ஸ்கேனுக்குப் போனேன். ஜெல் தடவ வந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். தொப்புளுக்கு வலப்பக்கம், வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள். "வெந்நீர்ப் பையா, ஹீட்டிங் பேடா?" என்றார். நான் வாயே திறக்கவில்லை!

தோல் மருத்துவர் சொன்ன பெயர் எரித்திமா அப் இக்னே. கொப்புளம் போடாத சூடுதான், 43 முதல் 47 டிகிரி செல்சியஸ். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் இப்படி ஆகுமாம். சூட்டை நிறுத்தினால் மெல்ல மங்கும், சிலருக்கு நிறம் தங்கிவிடும். சரி, நிறுத்திவிட்டு வலிக்கு என்ன செய்வது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முட்டிவீக்கம்:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணாகும் அழற்சி. யாரோ சொன்னார்களே என்று வயிற்றில் ஐஸ் வைத்தேன். வைத்த வேகத்தில் வயிறு விறைத்து இறுகி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் நோய் கிளம்பும்போது கூடவே வீங்குகிற முட்டிக்கு அதே ஐஸ்தான் இதம். வயிற்றுக்குக் குளிர்ச்சி வேண்டவே வேண்டாம்.

கணையக்காரி:
முட்டிவீக்கம், உங்களுக்கு ஆகவில்லை என்பதற்காக எல்லோருக்கும் தடை போடாதீர்கள். எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி. வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்து முதுகில்தான் ஒத்தடம். குமட்டல் வந்தால் பிடரியில் ஈரத்துணி. குளிர்ச்சியும் உதவும், இடம் பார்த்து வைக்க வேண்டும்.

பழையபை:
என் அம்மாவின் பை தையலோரம் பிளந்து தொடை வெந்துபோனது. அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். கொதிநீர் ஊற்றாதீர்கள். முக்கால் பங்குக்குக் கீழேயே நிறுத்தி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். பல பைகளில் பூ வடிவ முத்திரை இருக்கும், நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டு. பழசானால் தூக்கிப் போடுங்கள். பைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துண்டு, 15 முதல் 20 நிமிடம், அப்புறம் எடுத்துவிட வேண்டும். வலி நிவாரண ஜெல் தடவிய இடத்தில் கூடாது. சர்க்கரை நோயால் உணர்வு மரத்தவர்கள், ஸ்டீராய்டால் தோல் மெலிந்தவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஸ்டோமா (கழிவு வெளியேற அறுவை செய்து வயிற்றில் வைத்த திறப்பு) மேல் நேரடியாக வைக்காதீர்கள். ஐஸையும் துணியில் சுற்றித்தான். முக்கியமாக, சூடு தசையைத் தளர்த்தி வலியை மட்டுப்படுத்தும், குடல் அழற்சியைத் தொடாது. காய்ச்சல், நிற்காத வாந்தி, கல்லாக இறுகிய வயிறு, புதிதாக ரத்தம், வழக்கத்தில் இல்லாத வலி என்றால் ஒத்தடத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கம்பளிப்புழு:
பழையபை, எல்லாம் சரி. ஆனால் நடுராத்திரி வலியில் 20 நிமிடம் கழித்துப் பையை எடுக்க எனக்கு விழிப்பு இருக்காது. தானாக அணையும் ஹீட்டிங் பேட் யாராவது வைத்திருக்கிறீர்களா?

கணையக்காரி:
என்னிடம் இருக்கிறது. சரியான நேரத்துக்கு அணையும். நான்தான் உடனே மறுபடி அழுத்திவிடுவேன்.