பழைய நூல் தட்டச்சை வெளியூர்க் குழுவிடம் கொடுக்கலாமா?

பழுப்புத்தாள்:
சென்னையில் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். பழைய நூல்கள் 12, சுமார் 3,000 பக்கம், மின்னூலாக்க வேண்டும். சில நாட்டுடைமை ஆனவை, மற்றவை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தவை. தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் ஆறு பேர் குழு ஒன்று பக்கத்துக்கு 25 ரூபாய் கேட்கிறது. நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதோடு சரி. மொத்தத்தையும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்பு மாணிக்கம்:
கொடுக்காதீர்கள். நான் 400 பக்கம் கொடுத்தேன். ஒன்பதே நாளில் வந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. அப்புறம் கோப்பில் 'அவர்' என்று தேடினால் பாதி இடத்தில் கிடைக்கவில்லை. 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருந்தார்கள்: 'அவா்'. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும்: 'கெளரவம்'. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். திருத்த எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

வைகைக்கரை:
மாணிக்கம் அண்ணே, அந்த இரண்டு பிழையும் எங்களிடமும் வரும். மானாமதுரையில் எட்டுப் பெண்களோடு இதே வேலைதான் செய்கிறேன். ஆனால் தேடி மாற்றினால் ஐந்து நிமிடத்தில் போகிற பிழைகள் அவை.

நான் கேட்பது வேறு. வேலை கொடுத்தபோது என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? எங்களுக்கு வருகிறவர்கள் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு "அப்படியே அடிச்சிருங்கம்மா" என்பார்கள். அப்படியே என்றால்? மூலத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதையும் அடிக்கவா? பக்க எண் தமிழ் எண்ணில் இருந்தால்? அடிக்குறிப்பு பக்கத்தின் கீழா, அத்தியாயக் கடைசியிலா? பக்கத்து மேசையில் ஆள் இருந்தால் நிமிர்ந்து கேட்டுக்கொள்வார். எங்களால் முடியாது. ஆளுக்கு ஒரு மாதிரி அடித்து வைப்போம், திட்டு எங்களுக்கு. ஒன்பது நாளில் முதல் பத்துப் பக்கத்தையாவது திறந்து பார்த்தீர்களா?

மெய்ப்பு மாணிக்கம்:
பார்க்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ஐந்து நிமிடம்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து தமிழில் எங்கும் வராது, அதை மொத்தமாக மாற்றலாம். கொம்பும் ளகரமும் அப்படியா? வெள்ளம், தெளிவு எல்லாம் என்ன ஆகும்? 'கெள' மட்டும் மாற்றுகிறேன் என்றால் கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

விதிகளையும் நானே எழுதி, சந்தேகத்துக்கும் நானே பதில் சொல்லி, மெய்ப்பும் நானே பார்த்தால் 25 ரூபாய் வேலை 60 ரூபாயில் வந்து நிற்கும். அதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் போட்டு பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

வைகைக்கரை:
கெளுத்திக்குத் தோற்றேன்! ஆனால் அந்தச் சம்பள ஆளுக்கும் விதி சொல்லத்தானே வேண்டும்? வாயால் சொல்வதால் அது செலவு என்று உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரவல்பேனா:
தூரம் ஒரு தடை என்றால், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் நடந்தே இருக்காது. 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, வெவ்வேறு நாட்டில் இருந்தவர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்பு பார்த்தார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவாத காலம் அது.

மெய்ப்பு மாணிக்கம்:
அவர்கள் கூலி வாங்காமல் விரும்பிச் செய்தவர்கள். பக்கக் கணக்கில் கூலி என்றால் கை வேகமாகத்தான் ஓடும், யாரையும் குறை சொல்ல முடியாது.

வைகைக்கரை:
அப்படியென்றால் மெய்ப்புக்குத் தனிக் கூலி கொடுங்கள். அடித்தவரே மெய்ப்பும் பார்க்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
நடுவில் ஒரு விஷயம். தட்டச்சோடு அருஞ்சொற்பொருள், முன்குறிப்பு எல்லாம் அந்தக் குழுவிலேயே யாராவது எழுதித் தருவதாக இருந்தால் கவனம். அவர் உங்கள் ஊழியர் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் எழுதியது அவருக்கே சொந்தம். எழுத்தில், கையெழுத்தோடு உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டுதான், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நாளை மலேசியாவிலும் மின்னூல் விற்க நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று: அந்தக் குழு உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு) வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தமே எழுதாவிட்டால் 15 நாள்.

பழுப்புத்தாள்:
எல்லோருக்கும் நன்றி. 3,000 பக்கம் இப்போது வேண்டாம், முதலில் 40 பக்கம் கொடுக்கிறேன். 20 சுலபமான உரைநடை, 20 படுமோசமான பக்கம்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு, துதிக்கை வைத்த லை, னை, நடுவில் கரையான் தின்ற ஓட்டை வேறு. படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் மூன்று கேள்விக்குறி போடச் சொல்லப் போகிறேன். முதல் ஐந்து பக்கம் வந்ததும் நானே பார்த்துச் சொல்லும்வரை ஆறாவது பக்கம் தொடங்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

வைகைக்கரை:
நல்லது. 40 பக்கத்துக்கும் காசு உண்டுதானே? "மாதிரிதானே, சும்மா அடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஓடிவிடுவார்கள்.

பழுப்புத்தாள்:
உண்டு. மோசமான பக்கத்துக்கு 40 ரூபாய்.

மெய்ப்பு மாணிக்கம்:
என் கருத்தில் மாற்றம் இல்லை. நாலாவது மாதம் வந்து சொல்லுங்கள், பார்ப்போம். ஒன்று கேட்கிறேன்: மூலத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தால் போடுவதா, விடுவதா? எழுதிவிட்டீர்களா?

பழுப்புத்தாள்:
இல்லை. இதோ எழுதுகிறேன்.