கோமாளி மீனுக்கு வால் அழுகுகிறது, கண் வீங்கியிருக்கிறது, டெட்ராசைக்ளின் போட்டும் கேட்கவில்லை

கேள்வி:
200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. கொஞ்சம் பவளம், ஒரு கோமாளி மீன். பத்து நாள் முன்பு அதற்கு ஜோடியாகச் சின்னது ஒன்று விட்டேன். அந்தச் சின்னதுக்கு வால் ஓரம் வெள்ளையாகி நார்நாராகக் கிழிகிறது, வால் தொடங்கும் இடத்தில் முடி மாதிரி சிவப்புக் கோடுகள், நேற்றிலிருந்து இடது கண்ணும் வீங்கி மங்கலாக இருக்கிறது. நன்னீர் மீனுக்கு வாங்கி வைத்திருந்த டெட்ராசைக்ளினைத் தொட்டியிலேயே போட்டேன். ஒன்றும் குறையவில்லை, இன்று அம்மோனியா வேறு 0.5 காட்டுகிறது. இன்னும் சாப்பிடுகிறது, எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பதில் 1:
சாப்பிடுகிறது என்றால் நேரம் இருக்கிறது. முதலில் ஒன்று, டெட்ராசைக்ளின் கடல்நீரில் சரியாக வேலை செய்யாது. உப்பு நீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருப்பதால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், மீனுக்குள் போவது ரொம்பக் கொஞ்சம். ஆனால் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவை அது அடித்திருக்கலாம். பெரிய தொட்டியில் மிச்ச மருந்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 40 லிட்டர் போதும், மணலோ கல்லோ வேண்டாம், ஒளிய ஒரு பிவிசி குழாய், ஹீட்டர், காற்றுக் குமிழி விட ஏர் ஸ்டோன். உப்பளவு பழைய தொட்டியில் இருப்பதே இருக்கட்டும். மருந்து கானாமைசின், நைட்ரோஃபுரசோன் என்ற பாக்டீரியா கொல்லிகள் இரண்டும் சேர்த்து, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில். நைட்ரோஃபுரசோன் தண்ணீரை மஞ்சளாக்கும், பயப்படாதீர்கள். வெளிச்சத்தில் அது கெட்டுவிடும் என்பதால் விளக்கை அணைத்து வையுங்கள். தினமும் அம்மோனியா பாருங்கள், தண்ணீர் மாற்றினால் மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேருங்கள். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று பாதியில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

பதில் 2:
மருந்தெல்லாம் சரி, ஆனால் காயம் எப்படி வந்தது? கோமாளி ஜோடியில் பெரியதுதான் பெண், புதிதாக வந்ததைக் கடித்து விரட்டும். வால் கிழிந்த இடம் வழியாக விப்ரியோ மாதிரி பாக்டீரியா நுழைந்திருக்கும். ஒரு கண் மட்டும் வீங்கியிருப்பதும் கல்லில் மோதியதாக இருக்கலாம், இரண்டு கண்ணும் என்றால்தான் நான் முதலில் உள்தொற்றையோ தண்ணீரையோ சந்தேகப்படுவேன். உடம்பு முழுக்கச் சளி மாதிரி வெள்ளைப் படலம் உரிந்தால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, அதற்கு இந்த மருந்து கேட்காது, உடனே சொல்லுங்கள். அப்புறம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனிடமிருந்து நமக்கும் தொற்றும் பாக்டீரியா உண்டு.

கேட்டவர், ஆறாம் நாள்:
சளி எதுவும் இல்லை. கண் பாதி வடிந்துவிட்டது, சிவப்புக் கோடுகள் போய்விட்டன, வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லியதாகப் புதுத் தோல் வருகிறது. பெரியது கடிப்பதை முதல் வாரத்தில் நானே பார்த்தேன், விளையாட்டு என்று விட்டுவிட்டேன். திரும்ப எப்படிச் சேர்ப்பது?

பதில் 2:
அந்தப் புதுத் தோல் நல்ல அறிகுறி. மருந்து முடிந்தபின் ஒரு வாரம் தனியாகவே வைத்துப் பாருங்கள். பிறகு துளையுள்ள டப்பாவில் பெரிய தொட்டிக்குள் வைத்து, பெரியது டப்பாவை முட்டுவதை நிறுத்தினால் மட்டும் திறந்துவிடுங்கள்.