அசல் போர்டில் முஸ்தபா

தொண்ணூறுகளின் கடைசியில், மதுரையில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையே கதியாகக் கிடந்தவன் நான். அங்கே நாங்கள் ஆடிய கேமில் முஸ்தபா என்ற பாத்திரத்தை யார் எடுப்பது என்பதில்தான் தினமும் சண்டை. அந்த கேமின் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பதே கல்லூரிக்குப் போனபின்தான் தெரிந்தது.

போன மாதம் நண்பன் வீட்டில் அதன் அசல் போர்டில், அதாவது கேம் இருக்கும் சர்க்யூட் பலகையில், ஆடினேன். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. படம் அதேதான். ஆனால் பாட்டு வேறு! கியூசவுண்ட் என்ற ஒலித் தொழில்நுட்பம் தரும் ஸ்டீரியோவில் அருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் யாரோ வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு உணர்வு.

நண்பன் போர்டைத் திருப்பிக் காட்டினான். ஒலியைக் கவனிக்கும் இசட்80 சில்லின் நிரலைப் பூட்டி, அதன் சாவியை பேட்டரி தயவில் இருக்கும் நினைவகத்தில் வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவியும் போச்சு. 'தற்கொலை பேட்டரி' என்றே இதற்குப் பெயர். நகல் எடுத்தவர்களில் சிலர் பூட்டோடு மல்லுக்கட்டவே இல்லை. அந்த ஒலிப்பகுதியையே தூக்கிவிட்டு, எளிமையான ஓகேஐ ஒலிச் சில்லு ஒன்றை வைத்துவிட்டார்கள். எங்கள் கடையில் ஓடியதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு மனப்பாடமான சத்தம் அந்த நகலின் சத்தம்!

பதில்: தம்பி, அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளுக்கு டிவி மாட்டிக் கொடுத்தவன் நான். போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில் வரும். நம்ம டிவி நொடிக்கு 50 முறை படம் வரையும், போர்டு அனுப்புவதோ கிட்டத்தட்ட 60. விட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். டிவியில் இருக்கும் வெர்டிகல் ஹோல்ட் என்ற குமிழைத் திருகித் திருகித்தான் நிறுத்துவேன். ஒருமுறை செட்டை அணைத்துவிட்ட தைரியத்தில் பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் போகும் ஆனோட் மூடியில் கை வைத்து, சுவரில் போய் விழுந்தேன். அணைத்தாலும் டியூபில் கரண்ட் தங்கும் என்பது தெரிந்த ஆள்தான், என்ன செய்ய.

பதில்: அண்ணே, அதே பெட்டியில் அடுத்த வாரம் வேறு கேம் ஓடுமே, அது எப்படி?

பதில்: அது ஜாம்மா கனெக்டர் தம்பி. ஜப்பான்காரர்கள் 1985 வாக்கில் கொண்டுவந்த பொது அளவு, 56 பின். ஒரு போர்டை உருவிவிட்டு அடுத்ததைச் செருகினால் ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிக்கச் சொல்லுவார்.